ரிமோட் ஸ்டார்ட்டர் வேலை செய்யாவிட்டால் பற்றரியை மாற்றக் காசு கொடுக்காதீர்கள்

ரொறன்ரோ பக்கம் ரிமோட் ஸ்டார்ட்டர் (காருக்குள் ஏறாமலே பொத்தானை அழுத்தி எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் கருவி) பூட்ட நினைக்கிறவர்களும், பூட்டிவிட்டுக் குளிர்காலக் காலைகளில் காரோடு மல்லுக்கட்டுகிறவர்களும் இதைக் கட்டாயம் வாசியுங்கள். ஸ்காபரோவில் ஒரு குடும்பத்துக்கு நடந்தது. ஐப்பசியில், திறப்புப் போட்டு ஓட்டுகிற நான்கு சிலிண்டர் பெற்றோல் கார் ஒன்றுக்கு 380 டொலருக்கு ரிமோட் ஸ்டார்ட்டர் பூட்டினார்கள். மார்கழி நடுப்பகுதி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. தையில் மைனஸ் 21 பாகைக்கு இறங்கிய காலையில், பொத்தானை அழுத்தினால் எஞ்சின் ஒரு செக்கன்கூடச் சுற்றாமல் நின்றது. மூன்று தரம் அப்படியே முயன்றுவிட்டு, பார்க்கிங் லைற் மினுங்கி ஓய்ந்தது. ரிமோட் ஸ்டார்ட்டரைப் பூட்டித் தந்த கராச்சுக்குப் போனால் "பற்றரி வீக்" என்று 260 டொலருக்குப் புதுப் பற்றரி போட்டார்கள். அடுத்த குளிருக்கும் அதே கதை. இரண்டாம் முறை "ஸ்டார்ட்டர் மோட்டரே மாற்ற வேணும்" என்று 600 டொலர் கேட்டார்கள்.

அதே காலைகளில் திறப்பைப் போட்டுத் திருப்பினால் இரண்டு செக்கனில் கார் பிடித்தது. இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். திறப்புக்குப் பிடிக்கிற கார் ரிமோட்டுக்குப் பிடிக்கவில்லையென்றால் பெரும்பாலும் பற்றரியும் மோட்டரும் எஞ்சினும் நல்லாகத்தான் இருக்கின்றன. பிழை பூட்டின வேலையில் இருக்கிறது. இது தெரியாமல் யாரும் இந்தத் தொழில் செய்ய முடியாது. தெரிந்துகொண்டே பற்றரி விற்றிருக்கிறார்கள்.

காரணம் இதுதான். எஞ்சின் பிடித்துவிட்டதா என்று ரிமோட் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு யாராவது சொல்ல வேண்டும், அப்போதுதான் எஞ்சினைச் சுற்றிப் பிடிக்கவைக்கும் ஸ்டார்ட்டர் மோட்டரை நிறுத்தும். சரியான வழி, எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் சிக்னலை, அதாவது 'டாக்' வயரை, பெட்டிக்குக் கொடுப்பது. சோம்பல் வழி, அந்த வயரைத் தொடாமல் பெட்டியை வோல்டேஜ் பார்க்கிற முறையில் விட்டுவிடுவது. பற்றரி வோல்டேஜ் ஏறினால் எஞ்சின் ஓடுகிறது என்று அது கணக்கெடுக்கும். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் இது பிழைக்காது, ஏனென்றால் சூடான எஞ்சின் அரைச் செக்கனிலேயே பிடித்துவிடும். மைனஸ் 20இல் ஒயில் தடித்திருக்கும், மோட்டர் முதல் சுற்றுக்கு எக்கச்சக்கமாகக் கரண்டை இழுக்கும், வோல்டேஜ் 9, 10 வரை விழும். எஞ்சின் கொஞ்சம் இளகிச் சுற்றத் தொடங்கியதும் வோல்டேஜ் மேலே துள்ளும். அந்தத் துள்ளலைப் பார்த்துப் பெட்டி ஏமாந்து, எஞ்சின் பிடிக்க முன்னமே மோட்டரை நிறுத்திவிடும். சில பெட்டிகளில் இதற்குப் பதிலாக 0.8 செக்கன், 1 செக்கன் என்று நிலையான சுற்று நேரம் வைத்திருப்பார்கள். குளிரில் அதுவும் போதாது.

இந்தக் காரின் டாஷ்போர்ட்டுக்குக் கீழ் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது டாக் வயர் சுருட்டி, முனையில் ஒரு துண்டு ரேப் ஒட்டி, எங்கேயும் கொளுவாமல் தொங்கியது. 380 டொலர் வேலையில் அரை மணிநேரத்தை மிச்சப்படுத்த அந்த ஒரு வயரைக் கைவிட்டிருக்கிறார்கள்.

சரிசெய்வது பெரிய விஷயம் இல்லை. டாக் வயரை, எஞ்சினுக்குப் பெற்றோல் பீச்சும் இன்ஜெக்டர் ஒன்றின் வயரில் கொளுவலாம். பல கார்களில் இன்ஜெக்டர் ஒவ்வொன்றிலும் இரண்டு வயர் வரும். எல்லா இன்ஜெக்டரிலும் ஒரே நிறத்தில் இருப்பது பொதுவான 12 வோல்ட், அதைத் தொடக்கூடாது. நிறம் மாறுகிற மற்ற வயரில் ஏதாவது ஒன்றை எடுக்கலாம். மல்டிமீற்றரை ஏசி வோல்டேஜில், 20 வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையை வெறும் இரும்பிலும் சிவப்பு முனையை அந்த வயரிலும் பிடியுங்கள். எஞ்சின் சும்மா ஓடும்போது 1 முதல் 6 வோல்ட் வரை காட்டி, அக்சிலரேட்டரை மிதிக்க ஏற வேண்டும். புதிய கார்கள் பலவற்றில் இந்த வயரே தேவையில்லை, பைபாஸ் மொடியூல் (ரிமோட் ஸ்டார்ட்டரைக் காரின் கணினியோடு இணைக்கும் சின்னப் பெட்டி) வழியாகக் காரின் டேற்றா வயரிலிருந்தே சிக்னல் வரும். ஆனால் சிக்னலை அந்த வழியாக எடுக்கும்படி பெட்டியில் தெரிவை மாற்றிவிட வேண்டும்.

கொளுவினால் மட்டும் போதாது, எஞ்சினின் சாதாரண சுற்று வேகத்தைப் பெட்டிக்குப் பழக்க வேண்டும். இங்கேதான் இன்னொரு பிழை விடுகிறார்கள். எஞ்சின் குளிராக இருக்கும்போது நிமிடத்துக்கு 1,200, 1,500 சுற்று ஓடும். அப்போது பழக்கினால் அதையே சாதாரண வேகம் என்று பெட்டி எடுத்துக்கொண்டு, எஞ்சின் பிடித்த பிறகும் மோட்டரை விடாமல் பிடித்து வைத்திருக்கும். 'கிர்ர்ர்' என்று பல்லு உராயும் சத்தம் வந்தால் இதுதான். காரைப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சுற்று வேகம் காட்டும் முள் 700, 800இல் அசையாமல் நின்ற பிறகே பழக்க வேண்டும். எந்தப் பொத்தானை எத்தனை செக்கன் அழுத்துவது என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும், கையேட்டில் இருக்கும். கையேட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். டீசல் வண்டியென்றால் குளோ பிளக் (ஸ்டார்ட் செய்ய முன்னம் எஞ்சினைச் சூடாக்கும் பாகம்) சூடாகும்வரை பெட்டி காத்திருக்கும்படி அமைத்திருக்கிறார்களா என்று தனியாகக் கேளுங்கள்.

அந்தக் காரில் வேறு வேலைகளும் இருந்தன. பிரேக் வயரில் சொல்டர் செய்யாமல் கவ்விப் பிடிக்கும் நீலப் பிளாஸ்ரிக் கொளுவி ஒன்றைப் போட்டிருந்தார்கள். அது குளிருக்குச் சுருங்கித் தளர்ந்து, தொட்டால் ஆடியது. ஏர்த் வயர் பெயின்ற் அடித்த ஆணியின் கீழ் நெரிந்திருந்தது. பெயின்றைச் சுரண்டி, வெறும் இரும்பில் வளையம் வைத்து இறுக்கியிருக்க வேண்டும். பொனட்டின் கீழ் இருக்கும் சின்னப் பின் சுவிட்ச் ரோட்டு உப்புப் பட்டு வெள்ளையாகப் பூத்து, அழுந்தியபடியே எழாமல் நின்றது. பொனட் திறந்திருந்தால் காரை ஸ்டார்ட் ஆகவிடாமல் கை, விரலைக் காப்பது அந்தச் சுவிட்ச்தான். இந்த நிலையில் திறந்து வைத்தாலும் பெட்டிக்குத் தெரியாது. மாறாக, அது துருப்பிடித்து ஏர்த்தாகிவிட்டால், பொனட் திறந்திருக்கிறது என்று பெட்டி எடுத்துக்கொண்டு, கார் ரிமோட்டுக்கு ஸ்டார்ட்டே ஆகாது. அதை வயரை வெட்டிச் 'சரிசெய்து' தர ஒருபோதும் விடாதீர்கள்.

மனதை மிகவும் உறுத்தியது இது. இரண்டாவது திறப்பைக் கேட்டு வாங்கி, அதை ஸ்ரியரிங் கம்பத்தின் கீழே ரேப் சுற்றி ஒளித்திருந்தார்கள். சரியான திறப்பு இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத இம்மொபிலைசரை ஏமாற்றும் பழைய மலிவு வழி இது. கண்ணாடியை உடைத்து உள்ளே வருகிறவனுக்குத் திறப்பே கையில். திறப்பை ஒளிக்காமலே அந்த வேலையைச் செய்ய, இந்தக் காருக்குப் பொருந்தும் பைபாஸ் மொடியூல் கடையில் கிடைக்கிறது. இரண்டாவது திறப்பை விட்டுவிட்டுப் போகச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள், திரும்பி வரும்போது அது உங்கள் கைக்கு வந்ததா என்றும் பாருங்கள்.

பற்றரியை உண்மையிலேயே சோதிக்க வேண்டுமென்றால், இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் அரைவாசிதான் மிச்சம், மாற்ற முன்னம் சார்ஜ் செய்து பாருங்கள். பற்றரியின் மேல் எழுதியிருக்கும் குளிர் அம்பியர் (CCA) என்பது மைனஸ் 18 பாகையில் 30 செக்கனுக்கு 7.2 வோல்டுக்குக் குறையாமல் தரக்கூடிய கரண்டின் அளவு. வாகனக் கையேட்டில் சொன்ன எண்ணுக்குக் குறையாமல் வாங்குங்கள். கையேடு அனுமதித்தால் 0W ஒயில் போடுவது 5Wஐ விடக் குளிரில் எஞ்சினை லேசாகச் சுற்றவிடும்.

ஒன்ராறியோவில் வாகன வேலைக்கு எழுத்தில் மதிப்பீடு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, பில் அதைவிட 10 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. புதிய பாகங்களுக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் சட்டப்படி உண்டு. பில்லில் "டாக் வயர் எங்கே கொளுவியது, எஞ்சின் சூட்டில் பழக்கியது" என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற இடத்தில் காரை விடாதீர்கள். பூட்டின பிறகு முதல் மைனஸ் 10 இரவில் வெளியே நிறுத்தி, காலையில் ரிமோட்டால் ஒரு தரம், மறுநாள் காலையில் திறப்பால் ஒரு தரம் ஸ்டார்ட் செய்து இரண்டுக்கும் எடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சோதனையை வீட்டுக் கராச்சுக்குள் செய்யாதீர்கள், கதவு திறந்திருந்தாலும் புகை உள்ளே தங்கும். புகைக்குழாயைப் பனி மூடியிருந்தால் முதலில் அதைச் சுரண்டி விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பூட்டினால் உத்தரவாதத்தின் 90 நாள் தை, மாசியோடு முடிந்துவிடும், ஆகவே முதல் குளிரிலேயே சோதியுங்கள்.