புழல் பெண்கள் பெட்ரோல் பங்க்: அளவும் சரி, சில்லறையும் சரி

செங்குன்றத்துல ஒரு அரிசி மில்லுல கணக்கு எழுதுறேன், வீடு அம்பத்தூர். வண்டிக்கு இப்போ பெட்ரோல் போடுறது புழல்ல, அம்பத்தூர் ரோட்டுல இருக்கிற இந்த பங்க்லதான். இந்தியன் ஆயிலோட சேர்ந்து சிறைத்துறை நடத்துது. 2023 ஆகஸ்ட்ல அமைச்சர் ரகுபதி திறந்து வச்சார். இங்க வேலை பார்க்கிற பெண்கள் புழல் சிறையில தண்டனையில இருக்கிறவங்க, நன்னடத்தை பார்த்து எடுத்தவங்க.

"ஜீரோ பார்த்துக்கோங்க அக்கா"ன்னு சொல்லி, நான் தலையாட்டின பிறகுதான் போடவே ஆரம்பிக்கிறாங்க. சீட்டுக்கு அடியில டேங்க் இருக்கிற ஸ்கூட்டியில சிந்தாம ஊத்த ஒரு பக்குவம் வேணும். ஒருநாள் பழைய ஆள் ஒருத்தங்க புதுசா வந்தவங்க மணிக்கட்டைப் பிடிச்சு, நாசிலை எப்படிச் சாய்ச்சு எடுக்கணும்னு காட்டிட்டிருந்தாங்க. கடைசிச் சொட்டு டேங்க்குள்ள விழுற வரைக்கும் ரெண்டு பேரும் கையை எடுக்கலை.

கணக்கு எழுதுறவளா இருக்கிறதால என் கண்ணு போறது பணம் வாங்குற பக்கம்தான். நோட்டை ரெண்டு தரம் எண்ணுறாங்க, மீதியையும் எண்ணித்தான் கையில தர்றாங்க. நான் ஜிபே பண்ணினப்போ தொகையைச் சரிபார்த்துட்டு, "நான் உள்ள வந்தப்போ இதெல்லாம் கிடையாதுக்கா, இங்கதான் கத்துக்கிட்டேன்"னு ஒருத்தங்க சொன்னாங்க.

எனக்கு அதுதான் பெரிய விஷயமாப் படுது. விடுதலையாகி வந்து வேலை கேட்டா, "முன்ன எங்க வேலை பார்த்தே?"ம்பாங்க. ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவங்கன்னு தெரிஞ்சா பணம் புழங்குற இடத்துல விடவே மாட்டாங்க. இவங்களோ வெளிய வர்றதுக்கு முன்னாடியே தினமும் முகம் தெரியாத ஆளுங்ககிட்ட பணம் வாங்கி, கணக்கு ஒப்படைச்சுட்டுத்தான் போறாங்க. தையல், பேக்கரி எல்லாம் நல்ல தொழில்தான். ஆனா மதிலுக்கு உள்ளயே உட்கார்ந்து செய்யற வேலையில இந்தப் பழக்கம் வராது.

சம்பளம்தான் மனசுக்கு ஒப்பலை. திறந்தப்போ மாசம் 6,000 ரூபாய்னு செய்தியில வந்துச்சு. நாள் பூரா நின்னு பார்க்கிற வேலைக்கு அது ரொம்பக் குறைச்சல், கண்டிப்பா கூட்டணும்.

போறவங்க தயவுசெஞ்சு என்ன கேஸ்னு கேட்காதீங்க, போட்டோ எடுக்காதீங்க. எங்க மில்லுல பில் போட ஆள் தேடுறாங்க. இப்படி வெளிய வர்ற ஒருத்தங்களை எடுக்கலாமேன்னு முதலாளிகிட்ட சொல்லியிருக்கேன். யோசிக்கிறேன்னு சொல்லியிருக்கார்.