ரிஸ்டிப்லாம் ஜெனரிக்: பாட்டில் 15,900 ரூபாய், மாதம் எவ்வளவு?

என் மகளுக்கு எஸ்.எம்.ஏ. டைப் 2, அதாவது தசையை இயக்கும் நரம்புகள் அழிந்து உடல் வலுவிழக்கும் மரபணு நோய். வயது ஆறு, எடை 14 கிலோ. உட்காருவாள், நடக்க மாட்டாள். இந்த நோய்க்கான குடிக்கும் மருந்து ரிஸ்டிப்லாம். அதன் ஜெனரிக்கை, அதாவது முதலில் விற்ற நிறுவனம் அல்லாமல் நாட்கோ என்ற இந்திய நிறுவனம் குறைந்த விலையில் செய்கிற அதே மருந்தை, சில மாதங்களாகக் கொடுத்து வருகிறோம். "மருந்துக்கெல்லாம் ரிவ்யூ எழுதுவாங்களா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். மிக்ஸிக்கே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். மாதாமாதம் 28,000 ரூபாயை விழுங்குகிற பொருளுக்கு எழுதக் கூடாதா?

இதே மருந்தை ரோஷ் நிறுவனம் எவ்ரிஸ்டி என்ற பெயரில் விற்றபோது பாட்டில் 6.2 லட்சம். அப்போது எங்கள் டாக்டர் பெயரை மட்டும் சீட்டில் எழுதிக் கொடுத்து, "வாங்கச் சொல்லலைம்மா, இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுக்கங்க" என்றார். காப்புரிமை 2035 வரை என்று ரோஷ் வழக்காடியது. 2025 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு நாட்கோவுக்குத் தடை விதிக்க மறுத்தது. அடுத்த சில நாட்களில் உச்ச நீதிமன்றமும் ரோஷின் மனுவைத் தள்ளியது. உடனே 15,900 ரூபாய்க்குக் கடைக்கு வந்துவிட்டது. அதற்குச் சற்று முன்னால்தான் ஜி.எஸ்.டி.யும் நீங்கியிருந்தது.

97 சதவீதம் விலை குறைவு என்று செய்தியில் வந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் போன் செய்து வாழ்த்தினார்கள். பாட்டில் விலையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஒரு பாட்டிலில் 60 மில்லிகிராம் மருந்து. கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் வீதம் என் மகளுக்கு தினம் 3.5 மில்லிகிராம், பாட்டில் 17 நாளில் காலி. 20 கிலோவைத் தொட்டால் தினம் 5 மில்லிகிராம், 12 நாள்தான் வரும், மாதம் ஏறக்குறைய 40,000. அதற்கு மேல் எடை ஏறினாலும் அளவு ஏறாது, அது ஒரு நிம்மதி. பிள்ளை அரைக் கிலோ கூடியிருக்கிறாள் என்று தெரிந்ததும் சந்தோஷத்தோடு கால்குலேட்டரையும் எடுக்கிற அம்மாக்கள் நாங்களாகத்தான் இருப்போம். வீட்டுக்காரருக்குக் கரூரில் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர் வேலை. கம்பெனி இன்சூரன்ஸில் கேட்டால், ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம், வீட்டில் குடிக்கிற மருந்துக்குக் கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். வாழ்நாள் முழுக்கக் குடிக்க வேண்டிய மருந்துக்கு எங்கே போய்ப் படுப்பது?

இந்த விலை உண்மையில் மாற்றியிருப்பது அரசு உதவியின் கணக்கை. 2021 அரிய நோய்க் கொள்கையின்படி மத்திய அரசு ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை தருகிறது. அங்கீகரித்த மையங்கள் வழியாகத்தான் போக வேண்டும். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் அவற்றில் ஒன்று. பழைய விலையில் அந்தப் பணத்துக்கு எட்டு பாட்டில். 20 கிலோ பிள்ளைக்கு மூன்று மாதம் ஓடும். அப்புறம்? இந்த விலையில் அதே பணம் பத்து வருடம் வரும். விலைதான் இறங்கியது, உதவித்தொகை அதேதான். நாங்களும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

சரி, மருந்து எப்படி? நடக்க வைக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். இழந்த நரம்பை இது திருப்பித் தராது. இருப்பது போகாமல் பிடித்து வைப்பதுதான் இதன் வேலை. முதல் வாரம் வயிற்றுப்போக்கு இருந்தது, தானாக நின்றது. இப்போது சாப்பிடும்போது புரையேறுவது குறைந்திருக்கிறது. எஃகு டம்ளரை இரண்டு கையாலும் தூக்கி வாய்வரை கொண்டு போகிறாள். முன்பு பாதியில் கை இறங்கிவிடும். மருந்தாலா, விடாமல் செய்கிற பிசியோதெரபியாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. முதுகுத்தண்டு வளைவில் மாற்றமில்லை.

தினசரி வேலை எளிதுதான். முதுகில் ஊசி போடும் இன்னொரு மருந்தோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம். இரவுச் சாப்பாடு முடிந்ததும், அந்த 3.5 மில்லிகிராமுக்கு சிரிஞ்சில் 4.7 மில்லி கரைசல் இழுக்க வேண்டும். குமிழி இருந்தால் அளவு தப்பும், தட்டி வெளியேற்றுங்கள். இழுத்த ஐந்து நிமிடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பாலில் கலக்கக் கூடாது. கொடுத்த பின் ஒரு வாய் தண்ணீர்.

இடைஞ்சல் கடைகளில்தான். மருந்து தூளாக வருகிறது; பார்மசிஸ்ட் அளந்த சுத்தமான நீரில் கரைத்துத் தர வேண்டும். நாங்கள் போன ஒரு கடையில், "நீங்களே வீட்டுல கலந்துக்கங்க" என்று பெட்டியை நீட்டினார்கள். வாங்காமல் வந்துவிட்டோம். கலக்கத் தெரிந்த கடையா என்று முதலில் போனில் கேளுங்கள். கலந்த தேதியை பாட்டில் மேல் எழுதச் சொல்லுங்கள். வீடு வரைக்கும் ஐஸ் பெட்டி வேண்டும்.

மருந்துக்கு ஐந்துக்கு நாலு. விலைக்கு மூன்று. வசதி குறைந்தவர்களுக்குத் தள்ளுபடி உண்டு என்று நாட்கோ அறிவித்திருக்கிறது. முதல் பாட்டிலுக்குப் பணம் கட்டும் முன்பே டாக்டர் மூலம் அதற்கு எழுதிப் போடுங்கள்.