பாலக்காட்டு பிரெவேக்கு சைக்கிள் ரயிலிலா, காரிலா?

கோவையிலிருந்து சனிக்கிழமையே பாலக்காடு போய்த் தங்கி, ஞாயிறு விடிகாலை 200 கி.மீ. பிரெவே (கெடு நேரத்துக்குள் முடிக்கவேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்டும் நண்பர்களுக்கு: வாளையார் வழி 50 கி.மீ. சொச்சம்தானே, மிதித்தே போகலாம் என்று நினைக்காதீர்கள். 13.5 மணி நேரக் கெடுவுக்கு முந்தைய நாள் கால் ஓயட்டும்.

செலவு
ரயில்: தனி ஆளுக்கு மலிவு.
கார்: மூவர் பங்கிட்டால் கட்டுப்படியாகும்.

சேதம்
ரயில்: பார்சல் பெட்டியில் மூட்டைகளுக்கு நடுவே சாத்திவிடுவார்கள். பின் டிரெய்லர் (derailleur, செயினைப் பல்சக்கரம் மாற்றும் கியர் பொறி) அடிபடுவது இங்கேதான். அதை ஃபிரேமில் தாங்கும் சிறு உலோகத் துண்டான ஹேங்கர் லேசாக உள்ளே வளைந்தாலும் போதும், ஏற்றத்தில் கியரைக் குறைக்கும்போது செயின் ஸ்போக்குக்குள் விழும். ஏற்றும் முன் பின்புறப் பெரிய பல்சக்கரத்துக்குச் செயினை மாற்றுங்கள், டிரெய்லர் உள்ளொதுங்கும். உபரி ஹேங்கர் ஒன்று பையில் இருக்கட்டும்.
கார்: டிக்கியில் சைக்கிள் மாட்டும் ரேக்கின் பட்டைகள் தளரும், 10 கி.மீ. போனதும் நிறுத்தி இறுக்குங்கள். கார்பன் ஃபிரேமின் மேல்குழாயைக் கவ்வும் ரேக் வேண்டவே வேண்டாம். சக்கரம் கழற்றி உள்ளே வைத்தால், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் கட்டைகளுக்கு நடுவே மடித்த அட்டை செருகுங்கள். லிவர் தெரியாமல் அழுந்தினால் கட்டைகள் நெருங்கிவிடும், டிஸ்க் நுழையாது.

திரும்புதல்
ரயில்: தூங்கிக்கொண்டே வரலாம்.
கார்: 200 கி.மீ. மிதித்தவர் ஸ்டியரிங் பிடிப்பது ஆபத்து. பிரெவே ஓட்டாத ஒருவர் காரோட்ட உடன் வரவேண்டும்.

ஒருவர், இருவர், இரும்பு அல்லது அலுமினிய ஃபிரேம் என்றால் ரயில். கார்பன் சைக்கிளோடு மூவர், கூடவே ஓட்டுநர் உண்டென்றால் கார். ஓட்டுநர் கிடைக்கவில்லையா, ஞாயிறு இரவும் பாலக்காட்டிலேயே அறை போடுங்கள்.