எட்டு வருடம் மிதித்த பிறகு: எங்கள் வீட்டுத் தரை நிறங்கள்

ஹாலுக்குப் பளபளக்கும் வெள்ளை டைல்ஸ், படுக்கையறைக்கு அடர் பழுப்பு லாமினேட் (மரம் மாதிரி தெரியும் செயற்கைப் பலகை), குளியலறைக்குச் சாம்பல், சமையலறைக்கு மணல் நிறத்தில் புள்ளி புள்ளியாக, பளபளப்பில்லாத ஒரு மேட் டைல்ஸ். எட்டு வருடத்துக்கு முன்னால் முதல் மூன்றையும் நான் பிடிவாதமாக நின்று தேர்ந்தெடுத்தேன். நாலாவது, அலைந்து அலுத்துப்போய் "ஏதோ ஒன்று போட்டுவிடுங்கள்" என்று கைகாட்டியது. தேறியது அந்த நாலாவது மட்டும்தான்.

ஹாலில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதிகம் அடிபட்டது அங்கேதான். வெள்ளை போட்டால் வீடு பெரிதாகத் தெரியும் என்று எல்லோரும் சொன்னார்கள். பெரிதாகத்தான் தெரிகிறது, பொய் இல்லை. ஆனால் கடையில் டைல்ஸை நிற்க வைத்துக் காட்டுகிறார்கள், மேலே வரிசையாக விளக்கு எரிகிறது. வீட்டில் அது படுத்துக் கிடக்கிறது, வெளிச்சம் ஜன்னல் வழியாகச் சாய்வாக வந்து விழுகிறது. எங்கள் ஹால் ஜன்னல் மேற்குப் பார்த்தது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தரையில் ஒரு சூரியன், வெளியே ஒரு சூரியன். டிவி பார்க்க வேண்டுமென்றால் ஜன்னல் திரையை இழுத்துவிட வேண்டும், திரையை இழுத்துவிட்டால் அப்புறம் வெள்ளைத் தரை எதற்கு?

அதைவிடப் பெரிய தப்பு வேறு. வெள்ளை என்று ஒரே நிறம் கிடையாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. நான் வாங்கியது லேசாக நீலம் ஓடிய வெள்ளை, சுவரில் ஏற்கெனவே அடித்திருந்ததோ மஞ்சள் ஓடிய கிரீம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நன்றாக இருந்தன. டைல்ஸ் ஒட்டி முடித்த அன்றைக்குச் சுவர் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. சுவரில் ஒரு மாற்றமும் இல்லை, பக்கத்தில் வந்த நிறம் அதை அழுக்காகக் காட்டியது, அவ்வளவுதான். கடைசியில் சுவருக்கு மறுபடி பெயின்ட் அடித்தோம். இந்த உள்சாயல் விஷயம் பழுப்பு, சாம்பல் எல்லாவற்றுக்கும் உண்டு. பீஜ் என்றால் சிலது ரோஸ் பக்கம் சாயும், சிலது மஞ்சள் பக்கம் சாயும். சாம்பலில் நீலம், பச்சை, பழுப்பு மூன்றும் ஒளிந்திருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: டைல்ஸ் மேல் ஒரு சாதாரண வெள்ளைத் தாளை வையுங்கள். ஒளிந்திருக்கும் சாயல் உடனே எட்டிப் பார்க்கும். இது அப்போதே தெரிந்திருந்தால் ஒரு பெயின்ட் செலவு மிச்சம்.

வெள்ளையில் தூசி அவ்வளவாகத் தெரியாது. முடி தெரியும். ஒற்றை முடி விழுந்தாலும் கோடு போட்ட மாதிரி தெரியும். டைல்ஸ் இடுக்கை நிரப்பும் கிரவுட்டும் வெள்ளையாகவே வேண்டும் என்று நான் கேட்டதால், இரண்டாவது வருடத்திலேயே வாசலில் இருந்து சமையலறை வரை நாங்கள் நடக்கும் பாதை பழுப்புக் கோடுகளாகத் தெரிய ஆரம்பித்தது. சோஃபாவுக்கு அடியில் மட்டும் இன்னும் வெள்ளை. சிமென்ட் கிரவுட் நுண்துளை உள்ள பொருள், துடைக்கிற அழுக்குத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். அப்படித் தண்ணீர் குடிக்காத எபாக்ஸி (பிசின்) கிரவுட் போட்டிருக்கலாம், இல்லாவிட்டால் டைல்ஸைவிட ஒரு படி அடர்ந்த நிறமாவது கேட்டிருக்கலாம்.

ஹாலில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே நாலு டைல்ஸ் குறைந்தும் போயின. அதே பெயர், அதே எண் போட்ட பெட்டிதான் மறுபடி வந்தது, ஆனால் வேறு பேட்ச், அதாவது வேறு தடவை தயாரித்தது, ஷேட் ஒரு மயிரிழை மாறியிருந்தது. கடைக்காரர் "ஒட்டினால் தெரியாது" என்றார். தெரிந்தது. அந்த நாலும்தான் இப்போது சோஃபாவுக்கு அடியில் இருக்கின்றன (சோஃபாவை இடம் மாற்றவே முடியாது என்பது வேறு கதை). பெட்டியில் அச்சிட்டிருக்கும் பேட்ச் எண்ணும் ஷேட் எண்ணும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றா என்று முதலிலேயே பார்த்து, வெட்டுச் சேதத்துக்கும் பின்னாளில் உடைவதற்கும் சேர்த்து ஒரு 10 சதவீதம் கூடுதலாக எடுத்துவிடுவது நல்லது.

படுக்கையறை. அடர் பழுப்பு லாமினேட் இரவில் அவ்வளவு அழகு. 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் மரத்தின் ரேகையெல்லாம் உயிரோடு இருக்கும். பகலில் அதே அறை கிணறு மாதிரி. தரை வாங்குகிற வெளிச்சத்தைத் திருப்பித் தருவதே இல்லை, காலை பத்து மணிக்கே சுவிட்சைத் தட்டுகிறோம். ஒரு தடவை பல்ப் பழுதாகி, கையில் இருந்த 6500 கெல்வின் வெள்ளை பல்பை மாட்டினேன். அந்தப் பழுப்பு அப்படியே செத்துப்போய் ஈரச் சாம்பல் மாதிரி ஆகிவிட்டது. தரையை முடிவு செய்யும் முன் எந்த விளக்கு மாட்டப் போகிறோம் என்று முடிவு செய்திருக்க வேண்டும், நான் தலைகீழாகச் செய்தேன்.

தூசியும் அங்கேதான். தூசி பெரும்பாலும் வெளிர் நிறம், அதனால் அடர் தரையில் காலையில் பெருக்கினால் மதியம் மறுபடி தெரியும். கால் தடம் தெரியும். ஜன்னல் ஓரம் எட்டு வருட வெயிலில் வெளுத்திருக்கிறது. போன வருடம் விரிப்பை நகர்த்தியபோதுதான் அதற்கடியில் பழைய நிறம் செவ்வகமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தோம், விரிப்பைத் திரும்ப அங்கேயே போட்டுவிட்டோம். கட்டிலும் அலமாரியும் கிட்டத்தட்ட அதே பழுப்பு, ஆனால் அதே பழுப்பு இல்லை. அதுதான் கண்ணை உறுத்துகிறது. ஒன்று அச்சாகப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் நன்றாகவே விலகி இருக்க வேண்டும்.

குளியலறைச் சாம்பலைப் பற்றி ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தரையும் சுவரும் படியும் ஒரே சாம்பல், படம் பிடித்தால் அருமையாக இருக்கும். அம்மாவுக்குக் கண் பார்வை மங்க ஆரம்பித்த பிறகு அந்தப் படி அவருக்குத் தெரியவே இல்லை, இரண்டு தடவை தடுக்கினார். நல்லவேளை விழவில்லை. அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்: ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பதற்கு எல்ஆர்வி என்று ஓர் அளவு இருக்கிறது, கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. தரைக்கும் சுவருக்கும், படிக்கும் அதன் விளிம்புக்கும் இந்த அளவில் சுமார் 30 புள்ளி வித்தியாசம் இருந்தால் பார்வை குறைந்தவர்களுக்குப் பிரித்துத் தெரியும் என்று பிரிட்டனின் பிஎஸ் 8300 தரநிலை சொல்கிறது. படி விளிம்பில் இப்போது ஒரு வெள்ளைப் பட்டை ஒட்டியிருக்கிறோம். படத்துக்கு நன்றாக இல்லை, பரவாயில்லை.

கைகாட்டிப் போட்ட சமையலறைத் தரைக்கு வருகிறேன். இளசும் இல்லாமல் அடர்வும் இல்லாமல் நடுவான மணல் நிறம், அதில் பழுப்பும் சாம்பலும் கலந்த புள்ளிகள், மேட் ஃபினிஷ். எண்ணெய்த் துளியோ காய்ந்த தண்ணீர்க் கறையோ நூலோ தூசியோ, எது விழுந்தாலும் கண்ணில் படாது. ஒரு கனமான பாத்திரம் விழுந்து ஓரம் பெயர்ந்தது, அதைக்கூட எங்கே என்று குனிந்து தேட வேண்டும். ஹாலிலும் இதே மாதிரி ஒரு பெயர்ப்பு உண்டு, மேலே இருந்த கிளேஸ் பூச்சு போய் அடியில் இருந்த மண் நிறம் பொட்டு வைத்த மாதிரி தெரிகிறது. சுவர் நிறத்தை இரண்டு தடவை மாற்றினோம், கேபினட்டைப் பச்சையாக்கினோம், இந்தத் தரை எதோடும் சண்டை போடவில்லை, அதிலேயே சூடான நிறமும் குளிர்ந்த நிறமும் கலந்திருப்பதால்தான் என்று நினைக்கிறேன். குறை இல்லாமல் இல்லை. சின்னத் திருகாணி விழுந்தால் போனது போனதுதான். அப்புறம், தரை அழுக்காக இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் வெறுங்காலுக்குத்தான் தெரிகிறது.

இப்போது படுக்கையறைத் தரையை மாற்றப் போகிறோம். இந்தத் தடவை மாதிரித் துண்டுகள் மூன்று வாங்கி வந்து, கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில், நடக்கிற வழியிலேயே படுக்கப் போட்டிருக்கிறேன். தண்ணீர் தெளித்துக் காயவிட்டாயிற்று, பல்பை மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று. பன்னிரண்டு நாள் ஆகிறது, இன்னும் ஒன்றைக்கூடத் துடைக்கவில்லை. இடது பக்கம் இருக்கும் வெளிர் சாம்பலில் முடி தெரிகிறது. வலது பக்கத்து வால்நட் நிறத்தில் என் குதிகால் தடம் தெரிகிறது. நடுவில் தேன் நிறத்தில் ஒரு துண்டு, ரேகைகள் கொஞ்சம் கலைந்து கலைந்து ஓடும். அது அங்கே கிடக்கிறது என்பதையே நேற்று மறந்துபோய் மிதித்துக்கொண்டு போனேன், அனேகமாக அதைத்தான் வாங்குவோம்.