ராக்கி மவுண்டன் ஆர்செனல் வனவிலங்குப் புகலிடம்: மாமாவோடு 11 மைல்

மூன்று வருடம் முன்பு வீடு பார்க்கப் போனபோது, வீட்டுத் தரகர் பின்வாசல் கதவைத் திறந்துவிட்டு, "இந்தப் பக்கம் எந்தக் காலத்துலயும் யாரும் வீடு கட்ட மாட்டாங்க, இந்த வியூ உங்களுக்கே உங்களுக்கு" என்ற அர்த்தத்தில் ஒரு பிரசங்கம் செய்தார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அங்கே குடியிருப்பு கட்டக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டே தடுத்து வைத்திருக்கிறார்கள். ஏன் தடை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அந்த 'வியூ'தான் ராக்கி மவுண்டன் ஆர்செனல் தேசிய வனவிலங்குப் புகலிடம். கொலராடோவில், டென்வருக்கு வடகிழக்கே, காமர்ஸ் சிட்டியை ஒட்டி சுமார் 15,000 ஏக்கர். நுழைவுக் கட்டணம் கிடையாது. 11 மைல் பாதை ஒன்று இருக்கிறது, நம் காரிலேயே மெதுவாகச் சுற்றி வரலாம். இதுவரை நாலைந்து தடவை போயிருக்கிறேன். ஆனால் இந்த மே மாதக் கடைசியில் மாமனாரைக் கூட்டிக்கொண்டு போனதுதான் உருப்படியான பயணம். மாமா 28 வருடம் போர்வெல் லாரி ஓட்டியவர். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மண்ணைத்தான் பார்ப்பார்.

முதலில் பார்க்கக் கிடைப்பதைச் சொல்லிவிடுகிறேன். பைசன்கள், அதாவது அமெரிக்கக் காட்டெருமைகள், நிச்சயம். 2007இல் மொன்டானாவிலிருந்து 16 பைசன்களைக் கொண்டுவந்து விட்டார்கள், இப்போது பெரிய மந்தையாகிவிட்டது. மே மாதம் அவற்றுக்கு முடி உதிரும் காலம். ஒன்று எங்கள் காருக்குப் பத்தடி தள்ளி நின்று ஒரு கம்பத்தில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்துப் போட்ட மாதிரி தோள்பட்டையிலிருந்து முடி கொத்துக் கொத்தாகத் தொங்கியது. தேய்க்கிற சத்தம் மூடிய கண்ணாடி வழியாகவும் கேட்டது. பைசன் இருக்கும் பகுதியில் வண்டியை விட்டு இறங்கக்கூடாது. விதியே இல்லாவிட்டாலும் இறங்கத் தோன்றாது.

அப்புறம் பிரெய்ரி டாக். பெயரில்தான் நாய், உண்மையில் அணில் குடும்பம். பாதையின் இருபுறமும் வளை வளையாகத் தோண்டி வைத்திருக்கின்றன. ஒன்று பின்னங்காலில் நின்று தலையைப் பின்னால் எறிந்து கத்தினால், சுற்றி இருப்பதெல்லாம் வரிசையாக அதையே செய்யும். மாமா சிரித்துவிட்டார். இவற்றைத் தின்னும் கருங்கால் ஃபெரட் என்ற கீரி மாதிரியான பிராணியை 2015இல் இங்கே விட்டார்கள். ஒரு காலத்தில் பூமியிலிருந்தே அழிந்துவிட்டதாக நினைத்த இனம் அது. இரவில்தான் வெளியே வரும் என்பதால் பாதையில் பார்க்க முடியாது, எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

சரி, இத்தனை விலங்குகள் ஒரு பெருநகரத்தின் ஓரத்தில் எப்படி மிஞ்சின? பார்வையாளர் மையத்தில் ஒரு அரைமணி நேரம் செலவழித்துவிட்டுப் பாதைக்குப் போங்கள். இல்லாவிட்டால் பார்ப்பது வெறும் புல்லாகத்தான் தெரியும். 1942இல் அமெரிக்க ராணுவம் விவசாயக் குடும்பங்களை வெளியேற்றிவிட்டு, இந்த நிலத்தை எடுத்துக்கொண்டு ஆயுத ஆலை கட்டியது. பெயரில் இருக்கும் 'ஆர்செனல்' அதுதான். தோலைக் கொப்புளிக்க வைக்கும் கடுகு வாயு, ஒட்டிக்கொண்டு எரியும் நேபாம் குண்டு, 1950களில் சாரின் நரம்பு வாயு எல்லாம் இங்கே உற்பத்தியானது. போதாக்குறைக்கு ஆலையின் ஒரு பகுதி பூச்சிமருந்துக் கம்பெனிகளுக்கு வாடகைக்குப் போனது. ஷெல் நிறுவனம் 1952 முதல் 1982 வரை ஆல்ட்ரின், டையெல்ட்ரின் வகை மருந்துகளைத் தயாரித்தது. கழிவையெல்லாம் குட்டைகளில் விட்டார்கள். அப்படி விட்டதில் வடக்கே பக்கத்து வயல்களின் கிணற்றுத் தண்ணீர் கெட்டு, 1950களில் பயிர் கருகியது. அதற்குப் பிறகு 93 ஏக்கரில் தார் விரிப்புப் போட்டு 'பேசின் எஃப்' என்று புதிதாக ஒரு குட்டை வெட்டினார்கள். அந்த விரிப்பும் ஒழுகியது.

மாமா இதையெல்லாம் அமைதியாகக் கேட்டுக்கொண்டு வந்தார். கிணற்றுக் கதைக்கு வந்தபோதுதான் நின்றார். 1960களின் தொடக்கத்தில் ராணுவம் இங்கே ஒரு ஆழ்துளைக் கிணறு போட்டது. ஆழம் 12,045 அடி.

"ஆயிரத்து எரநூறா இருக்கும், நல்லாப் பாரு கண்ணு" என்றார்.

"இல்லீங்க மாமா, பன்னெண்டாயிரம்தான்."

"அத்தனை ஆழத்துல என்ன தண்ணி கெடைக்கும்?"

"தண்ணி எடுக்கறதுக்கு இல்லீங்க மாமா. கழிவை உள்ள விடறதுக்கு."

1962 மார்ச்சிலிருந்து 1966 பிப்ரவரி வரை சுமார் 16.5 கோடி கேலன் கழிவு நீரை அதற்குள் இறக்கினார்கள். ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே டென்வர் வட்டாரத்தில் நிலம் அதிர ஆரம்பித்தது. டேவிட் எவன்ஸ் என்ற நிலவியலாளர், கழிவு இறக்கும் அளவு ஏறும்போது அதிர்வும் ஏறுகிறது, குறையும்போது குறைகிறது என்று கணக்கைப் பொதுவில் வைத்தார். அப்புறம் நிறுத்தினார்கள். நிறுத்தி ஒன்றரை வருடம் கழித்து, 1967 ஆகஸ்ட்டில்தான் அந்த வரிசையிலேயே பெரிய நடுக்கம் வந்தது. மாமாவுக்கு இது அதிசயமாகவே படவில்லை. "உள்ள குடுத்த பிரஷர் எங்க போகும்? பாறைச் சந்துல மெல்ல மெல்ல ஊர்ந்து போயி, எங்க பலவீனமோ அங்க தள்ளும்" என்றார். எவன்ஸ் சொன்னதும் ஏறக்குறைய அதேதான்.

சுத்தம் செய்ததைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. 1986 குளிர்காலத்தில் வெண்தலைக் கழுகுகள் இங்கே இரவில் தங்குவதைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடம் இந்த இடம் அமெரிக்காவின் மோசமான மாசுத் தளங்களின் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் ஏறியது. 1992இல் இதை வனவிலங்குப் புகலிடமாக்கச் சட்டம் வந்தது. ராணுவமும் ஷெல்லும் பணம் போட்டு, மொத்தம் 210 கோடி டாலர் செலவில் வேலை 2010இல் முடிந்தது. நடுவில் 2000ஆம் ஆண்டு பழைய இரும்பு கிடங்கில் பம்ளிமாஸ் அளவுக்கு சாரின் குண்டுகள் கிடந்து, ஒவ்வொன்றாக எடுத்து அழிக்க வேண்டி வந்தது. எல்லாம் பெரிய வேலைதான், மறுக்கவில்லை.

ஆனால் 'சுத்தம்' என்றால் கழுவித் துடைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சில கழிவுகளை எரித்தார்கள். மீதியில் பெரும்பகுதி இங்கேயேதான் இருக்கிறது. ஆலைகளை இடித்து, கெட்ட மண்ணைத் தோண்டி, அடியில் விரிப்புப் போட்ட பள்ளங்களில் கொட்டி மூடியிருக்கிறார்கள். சில இடங்களில் தோண்டாமலேயே மேலே மண் மூடி போட்டிருக்கிறார்கள். அந்த மூடிக்குள் உடைத்த கான்கிரீட் ஒரு அடுக்கு. எதற்கு என்றால், மேலே பார்த்துச் சிரித்தோமே, அந்த பிரெய்ரி டாக் தோண்டிக் கீழே போகாமல் இருக்க. அந்த நிலம் இன்னும் ராணுவத்தின் கையில்தான், பொதுமக்கள் உள்ளே போக முடியாது.

"மேல புல்லு மொளைச்சிருச்சு, சரி. கீழ தண்ணி என்னாச்சு?" மாமா இதை மூன்று தடவை கேட்டார். பதில், இன்னும் இறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான். வடக்கு எல்லையில் பூமிக்கடியில் களிமண் கலந்த சுவர் எழுப்பி, நிலத்தடி நீரைத் தடுத்து, மேலே எடுத்து, கரித்தூளில் வடிகட்டித் திரும்பவும் பூமிக்குள்ளேயே விடுகிறார்கள். 1970களின் கடைசியில் சோதனையாகத் தொடங்கிய வேலை. 2010இல் 'முடிந்தது' என்று அறிவித்த பிறகும் அந்த மோட்டார்கள் நிற்கவில்லை.

வெளிவட்டத்தில் 900 ஏக்கர் சொச்சத்தை காமர்ஸ் சிட்டிக்கு விற்றார்கள். 2007இல் அங்கே கால்பந்து அரங்கம் வந்தது, நகராட்சி அலுவலகமும் அந்தப் பக்கம்தான். விற்றபோது அங்கேயும் வீடு கட்டத் தடை போட்டுத்தான் விற்றார்கள். மறு உபயோகம் என்றால் இப்படித்தான் இருக்க முடியும் போல.

போகிறவர்களுக்கு: காலையில் சீக்கிரம் போங்கள். நாங்கள் மதியம் போய் வெயிலில் காய்ந்தோம், பாதி விலங்குகள் படுத்துவிட்டன. பைனாகுலரை வீட்டு மேசையிலேயே வைத்துவிட்டு வந்தது என் தவறு. கழுகுதான் குறி என்றால் குளிர்காலம். சின்னக் குழந்தைகள் இருந்தால் முதல் மூன்று மைலுக்குப் பிறகு பின் சீட்டில் ரகளை ஆரம்பிக்கும், தின்பண்டம் கையோடு இருக்கட்டும். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். மாமா மூன்று என்றார்.

கடைசியாக லேக் மேரி பக்கம் நடந்தோம். அங்கே மீன் பிடிக்கலாம், ஆனால் எடுத்துப் போகக்கூடாது. இங்கே பிடிக்கும் மீனையோ மிருகத்தையோ தின்ன நிரந்தரத் தடை. ஒரு பெரியவர் கையளவு மீன் ஒன்றைத் தூண்டிலிலிருந்து பதமாகக் கழற்றி, தண்ணீருக்குள் கையை வைத்து அது நீந்திப் போகும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். மாமா நின்று பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தெனமும் வந்து இதே மீனைத்தான் புடிப்பாரோ?"