கடலரிப்பு: மேலிருந்து உத்தரவா, ஊர்க்கூட்டத் தீர்மானமா?

கடல்மட்டம் உயர்வது உண்மை. 1901 முதல் 2018 வரை உலக சராசரி சுமார் 20 செ.மீ. ஆனால் "நாளையே ஊர் மூழ்கும், கேள்வி கேட்க நேரமில்லை" என்று பயமுறுத்திக் கையெழுத்து வாங்குவதை என்னால் ஏற்க முடியாது. கரையை எப்படிக் காப்பது என்பதை மேலிருந்து வரும் உத்தரவு முடிவு செய்வதா, ஊர்க்கூட்டம் முடிவு செய்வதா? குமரிக் கரையில் பலர் இந்த இரண்டு வழிக்கும் நடுவே தவிக்கிறார்கள்.

வேகம்
உத்தரவு: உடனே நடக்கும்.
ஊர்: நாலு கூட்டமாவது போடணும்.

காரணம் அறிதல்
உத்தரவு: எல்லா அரிப்பையும் பருவநிலை தலையில் கட்டிவிடும்.
ஊர்: தூண்டில் வளைவுக்கு (கரையிலிருந்து கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தடுப்பு) ஒரு பக்கம் மணல் ஏறுவதையும், மறுபக்கம் அடுத்த ஊர் வீட்டின் வாசற்படி அந்தரத்தில் தொங்குவதையும் கண்ணால் பார்த்தவர்கள். அந்தப் படி தொங்கக் காரணம் வளைவின் கல், வெறும் பருவநிலை அல்ல. ஆனால் தன் கரைக்கு வளைவு கேட்கும்போது பக்கத்து ஊரை மறப்பதும் இவர்களேதான்.

தவறினால்
உத்தரவு: திருத்த வருஷக்கணக்காகும்.
ஊர்: அடுத்த கூட்டத்தில் மாற்றலாம்.

புயல் எச்சரிக்கைக்கும் மீட்புக்கும் உத்தரவுதான் சரி; 2017 ஒக்கி புயலில் ஆழ்கடலுக்குப் போனவர்களை ஊர்க்கூட்டம் தேட முடியாது. இரண்டு ஊருக்குப் பொதுவான வளைவுக்கு, இரண்டு ஊரும் உட்கார்ந்த பிறகே உத்தரவு. வீடு, நிலம், வள்ளம் ஏற்றும் கரை என்றால் ஊர்தான் தீர்மானிக்கணும்.