48 மணி நேரக் கணக்கோடு ஓர் ஊர்ப் பயணம்

லண்டனிலிருந்து புதுக்கோட்டைக்கு ஐந்து வாரம் போய்வந்தோம், நானும் என் மகனும். அவனுக்கு வயது 24. பத்தொன்பது வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. மூன்று வருடமாகக் குளோசபின் மாத்திரையில் நன்றாக இருக்கிறான். இந்த மாத்திரை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் அப்படியே தொடரக் கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்றிக்கொண்டு வரவேண்டும். அதற்குள் அவன் காதில் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் குரல்கள் திரும்பிவிடுமோ என்ற பயத்திலேயே இத்தனை வருடம் ஊர்ப்பக்கம் போகவில்லை. அதே பயத்தில் டிக்கெட் போடாமல் இருக்கும் அம்மா அப்பாக்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மாத்திரையில் பாதி என் கைப்பையில், பாதி அவன் தோள்பையில். பெட்டியில் ஒன்றுகூடப் போடவில்லை. டாக்டர் கடிதம் இரண்டு பிரதி.

குளோசபின் சிலருக்கு வெள்ளையணுக்களைக் குறைத்துவிடும். அதனால் லண்டனில் இவனுக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. ‘பச்சை’ என்று வந்தால்தான் அடுத்த மாத்திரை. ஊரில் காலை ஏழு மணிக்கு லேபில் ரத்தம் கொடுத்தோம், மதியமே வாட்ஸப்பில் ரிசல்ட் வந்துவிட்டது. ஆனால் வெள்ளையணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில் வெறும் சதவீதமாக இருந்தது. லண்டனில் கேட்பது எண்ணிக்கை. மொத்த வெள்ளையணு 7,200, அதில் நியூட்ரோஃபில் 58 சதவீதம் என்றால் 4,176. இரண்டாயிரத்துக்கு மேல் இருப்பதால் பச்சைதான். லேபில் இருந்த பெண் அதையும் எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார். நீங்கள் போனால் முதலிலேயே ‘அப்சல்யூட் கவுண்ட்’ வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

கையிருப்பு போதுமா என்ற கவலையில் ஒரு தனியார் மனநல மருத்துவரிடமும் போனோம். பக்கத்தில் இவன் உட்கார்ந்திருக்க, அவர் என்னிடமே “தூங்குறானா? சாப்பிடுறானா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். “என்கிட்டயே கேளுங்க சார், நான்தானே மாத்திரை போடுறேன்” என்றான் என் மகன். சரி என்று அவனிடம் திரும்பி நிதானமாகப் பேசினார். மாத்திரை உள்ளூர்க் கடைகளில் இல்லை. திருச்சியிலிருந்து மறுநாள் வரவழைத்துக் கொடுத்தார்கள்.

லண்டனில் இதற்கு நேர்மாறு. அங்கே அவனிடம் மட்டும்தான் பேசுவார்கள். முதல் தடவை 28 நாள் சட்டப்படி மனநல மருத்துவமனையில் வைத்தபோது, என்ன மருந்து கொடுக்கிறார்கள் என்றுகூட எனக்குச் சொல்லவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்ததும் வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அதனால்தான் வேலூர் பாகாயத்தில் பார்த்தது மனதைவிட்டுப் போகவில்லை. அங்கே சி.எம்.சி. மனநல மையத்தில் என் ஒன்றுவிட்ட அக்காவின் மகளைச் சேர்த்திருந்தார்கள். நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்பது 1950களிலிருந்தே அங்கே வழக்கம். அக்கா தன் மகளுக்குத் தலை வாரிக்கொண்டே, எந்த மாத்திரை எதற்கு, எந்த அறிகுறி வந்தால் உடனே கூட்டிவர வேண்டும் என்று எனக்கு வரிசையாகச் சொன்னாள். எனக்கு அதெல்லாம் தெரிய இரண்டு வருடம் ஆனது.

உறவினர்கள் குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். ஒரு மண்டலம் தங்கினால் தெளிந்துவிடும் என்றார்கள். போய்க் கும்பிட்டுவிட்டு, இரவு மாத்திரைக்கு வீடு திரும்பிவிட்டோம். ஏர்வாடி தர்கா என்று ஒருவர் பேச்செடுத்தபோது மட்டும் நான் சும்மா இருக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று அந்த ஊரில் ஒரு மனநோயாளிகள் விடுதியில் சங்கிலியில் கட்டியிருந்தபடியே 28 பேர் தீயில் வெந்துபோனதை யாரும் மறக்கக் கூடாது. அவசரம் என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்; அதை எல்லார் போனிலும் பதிந்து கொடுத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மாத்திரை போடுகிறவர்களுக்குத் தூக்கத்தில் எச்சில் வழியும், விடியும்போது தலையணை நனைந்துவிடும். அந்தக் கூச்சத்தில் அவன் யார் வீட்டிலும் இரவு தங்கியதே இல்லை. முதல் நாள் காலையில் அப்பத்தா தலையணையைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. மறுநாள் இரவு, துவைத்த பழைய நூல்சேலை ஒன்று நான்காக மடித்துத் தலையணைமேல் விரித்திருந்தது. காலையில் எடுத்து அலசிக் கொடியில் போடுவார், சாயந்திரம் மடித்து வைப்பார். ஐந்து வாரமும் அப்படித்தான். கிளம்பும் அன்று அதை அவன் பையில் மாத்திரைக்கு மேலேயே வைத்துவிட்டார்.